செவ்வாய்க்கிழமை விலை

ஹாரோ

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹாரோ. அங்கே என் தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. அதற்கு எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போக வேண்டும். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, இரட்டை அடுப்பு, கழுவுதொட்டி, நின்றபடி குளிக்க ஒரு மூலை. ஆந்திராவில் எங்கள் கார்வேட்டிநகரத்தில் கேரவன் என்று சொன்னால், படப்பிடிப்புக்கு வரும் நடிகர் ஷாட் இடைவெளியில் ஏறி உட்காரும் ஏ.சி. வண்டி என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஹாரோவில் அது தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணருக்குச் சொந்தம். கோடை தொடங்கும்போது அவரும் அவர் மனைவியான அக்காவும் அதை இழுத்துக்கொண்டு ஜெர்மனியில் உள்ள ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போவார்கள். இந்த முறை காரின் பின் இருக்கையில் எனக்கும் இடம் கிடைத்தது.

அண்ணரிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் உண்டு. கப்பல் கட்டணம் எந்தக் கிழமையில், எந்த மணிக்கு, எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு என்று பல வருடத்துக் கணக்கு அதில் இருக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அவர் இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கார் மூக்கிலிருந்து கேரவன் வால்வரை, நடுவில் கொக்கி மாட்டும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து அளந்தார். டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, ஆக்கள் எத்தினை பேர் எண்டு கப்பல்காரன் பெரிசாப் பாக்கமாட்டான். வாகனம் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் எண்டதுதான் அவன்ர கணக்கு. கப்பலுக்குள்ள நாங்கள் பிடிக்கிற இடத்தை எல்லோ அவன் விக்கிறான்."

கேரவனின் பின்பக்கம் சைக்கிள் மாட்டும் தாங்கி ஒன்று இருந்தது. அதைச் சேர்த்தால் நீளம் அடுத்த கட்டணப் படிக்குத் தாவும். ஸ்பானரால் கழற்றிக் கொட்டகையில் போட்டார். இங்கிலாந்தில் கேரவன்காரர்களுக்கு 1907இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. குதிரை இழுத்த காலத்தில் கனவான்கள் தொடங்கியது. உறுப்பினர்களுக்குக் கப்பல் சீட்டு சலுகை விலையில் கிடைக்கிறது. அண்ணர் அதற்காகவே சந்தா கட்டுகிறார். சங்கம் அனுப்பும் பத்திரிகை, உறை பிரிக்காமல் ஜன்னலோரம் அடுக்கியிருந்தது.

நீளத்துக்கு அடுத்தது நேரம். மே கடைசி வாரம் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு அரைப்பருவ விடுமுறை; கட்டணம் ஏறும். ஜூலை கடைசியில் பெரிய விடுமுறை தொடங்கினால் இன்னும் ஏறும். வாரத்தின் நடுவில், ஊர் உறங்கும் வேளையில் புறப்படும் கப்பலுக்கு இறங்கும். தேர் நாளைக் குறிப்பது பஞ்சாங்கம், விலையைக் குறிப்பது பள்ளிக்கூட நாட்காட்டி. இரண்டும் முட்டிக்கொள்ளாத வருடம் நல்ல வருடம். தேர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளி மாலை அடித்துப்பிடித்து ஓடவேண்டும். "அவைக்கு வெள்ளிக்கிழமை விலை, எனக்குச் செவ்வாய்க்கிழமை விலை" என்றார் அண்ணர், ஓய்வூதியக்காரரின் பெருமையோடு.

உள்ளே அக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, 2021 ஜனவரியில் புது விதிகள் வந்ததிலிருந்து பால், தயிர், நெய், இறைச்சி எதையும் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போகக்கூடாது. என் தங்கை கட்டிக்கொடுத்த தயிர்சாதம் அந்த இடத்திலேயே காலியானது. காய், கனி, கீரை, பூ எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு பெற்ற பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். ஆக, அம்பாளுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகலாம். பூச்சரமும் கறிவேப்பிலையும் கூடாது. மாம்பழமும் கூடாது என்றபோது சித்தூர் ஜில்லாக்காரனான எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைச் சொல்லிக் கோபப்பட எங்களுக்கு யோக்கியதை இல்லை. 2025 ஜூனில் விலை விழுந்தபோது, வெளிமாநிலத்துக் கிளிமூக்கு மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் கலெக்டரே உத்தரவு போட்டு எல்லைச் சாவடிகளில் ஆளை நிறுத்தினார். கர்நாடக முதல்வர் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது அந்த விவகாரம்.

டோவர்

விடியலுக்கு வெகுமுன்பே டோவர் துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். இருட்டில் சுண்ணாம்புக் குன்றுகள் சாம்பலாகத் தெரிந்தன. பிரான்ஸ் போலீஸ் பிரான்சில் இல்லை, இங்கேயே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம். கடலைத் தாண்டுவதற்கு முன்பே என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்து, காகிதத்தில் நான் ஐரோப்பாவுக்குள் போய்விட்டேன்.

பக்கத்து வரிசையில் ஒரு குடும்பத்தின் கேரவனை ஊழியர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் நான்கு சைக்கிள் தொங்கின. பதிவு செய்த நீளம் வேறு, வந்து நிற்கும் நீளம் வேறு. அந்த அப்பா வங்கி அட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் அண்ணர் வாய் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக அக்காவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். கழற்றிப் போட்ட தாங்கியைப் பற்றி முதல் நாள் இரவு முழுக்க முணுமுணுத்தவர் அக்கா.

கேரவன் காஸ் சிலிண்டரை இறுக மூடிவிட்டுத்தான் கப்பலில் ஏற்ற வேண்டும். பயணத்தின்போது வண்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது. மேல்தளத்தில் லாரி ஓட்டுநர்களுக்குத் தனி உணவறை. ருமேனியா, போலந்து, லிதுவேனியா என்று பல நாட்டு முகங்கள் தூக்கக் கலக்கத்தில் முட்டை தின்றுகொண்டிருந்தன. கடல் இங்கே மிகக் குறுகிய இடத்தில் முப்பத்துமூன்று கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரப் பயணம்.

காபி வாங்கப் போனேன். கோப்பையை நீட்டிய இளைஞர் சட்டென்று, "அண்ணாச்சி, நமக்கு எந்த ஊரு?" என்றார். தூத்துக்குடிக்காரர். சற்று முன் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. மாதக்கணக்கில் கப்பலிலேயே தூங்கி எழுந்து, ஒரே நாளில் பலமுறை பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வருகிறார். இரண்டு ஊரும் ஜன்னலில் பார்த்ததோடு சரி. "கடைசியா எப்ப கரையில நடந்தீய?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்தவருக்குக் காபி ஊற்றப் போய்விட்டார்.

இந்த ஆங்கிலக் கால்வாயில் சீட்டு மலிவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் அண்ணர் நோட்டில் இல்லை. 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 800 மாலுமிகளை முன்னறிவிப்பில்லாமல் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் இடத்தில் ஏஜென்சி மூலம் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. கடைநிலை ஊழியருக்கு மணிக்கு 4.87 பவுண்டு தருவதாக 2024இல் நாடாளுமன்றக் குழு முன்னால் நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு பிரிட்டனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 11.44 பவுண்டு. கப்பல் வேறு நாட்டுக் கொடி பறக்கவிட்டுப் பன்னாட்டுப் பாதையில் ஓடுவதால் அந்தச் சட்டம் முழுதாகப் பிடிக்கவில்லை. பிறகு பிரிட்டனும் பிரான்சும் தனித்தனியே இயற்றிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை விலையில் ஒரு பகுதி கம்பெனியின் தாராளம், ஒரு பகுதி அண்ணரின் சாமர்த்தியம், மிச்சம் தூத்துக்குடித் தம்பிமாரின் தூக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதை அண்ணரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெடியனுக்கு டிப்ஸ் குடுத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவர் சொந்தக் கடலுக்கு வந்தார். சிறுவயதில் தகப்பனாரோடு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பலில் போயிருக்கிறார். 1984க்குப் பிறகு அது நின்றுபோனது. நாற்பது ஆண்டு ஆகப்போன பிறகு, 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அறிவித்த கட்டணம் 7,670 ரூபாய். முதல் நாளைக்கு மட்டும் பெருந்தள்ளுபடி. மழைக்காலம் வந்து சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம், ஆள் கணக்கில் கட்டணம். காரை ஏற்ற வழியில்லை.

"காங்கேசன்துறைக்கு இந்த வாகனத்தோட போய் இறங்கவேணும் தம்பி. ஜெட்டியில நிண்டு கொக்கியைச் சரிபார்த்துப்போட்டு, அப்படியே கீரிமலைக்கு விடவேணும்" என்றார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை.

கெண்ட்

பிரான்சின் கலேயில் இறங்கிச் சாலையைப் பிடித்தோம். அடுத்து வந்த பெல்ஜியம் தட்டையான நாடு. வயல், வாய்க்கால், மாடு, மறுபடி வயல். நகரி மலையின் மூக்கைப் பார்த்தே திசை சொல்லிப் பழகிய கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று வழிமறிக்கும். புத்தூர் ரயிலடிக்குப் போவதென்றாலும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இங்கே பத்து மைலுக்கு அப்பால் உள்ள மாதாகோயில் கோபுரம் மணிக்கணக்கில் கூடவே வருகிறது.

கெண்ட் நகரத்துக்கு வெளியே ஒரு கேரவன் முகாமில் இரவு. அக்கா புட்டு அவித்தார். தேங்காய்க்குத் தடையில்லை என்பதால் சம்பல், தேங்காய்ப்பால் சொதி. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலைப் பொடியைப் புட்டில் தூவிச் சாப்பிட்டதைப் பார்த்து அக்கா முகம் சுளித்தார். இரண்டாவது வாய்க்குத் தானும் கை நீட்டினார். கறிவேப்பிலை இல்லாத சொதி சொதியே இல்லை என்பது அவர் தீர்ப்பு.

ஹம்

ஜெர்மனியில் இழுவண்டியோடு போகும் காருக்குப் பொதுவாக மணிக்கு எண்பது கிலோமீட்டர்தான் வரம்பு. மற்றவர்கள் பறக்கும் நெடுஞ்சாலையில் நாங்கள் லாரிகளோடு லாரியாக ஊர்ந்தோம். ஹம்-ஊன்ட்ராப் என்ற இடம் வந்தபோது கோயில் எங்கே என்று தேடினேன். தொழிற்பேட்டை, கிடங்குகள், லாரி நிறுத்தம், பக்கத்தில் மின்நிலையத்தின் பெருங்கட்டடங்கள். 1989இல் மூடிய ஒரு தோரிய அணு உலையும் இதே ஊன்ட்ராப்பில்தான் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே பதினேழு மீட்டர் ராஜகோபுரம், சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த மதில்.

இலங்கையிலிருந்து 1985இல் அகதியாக வந்த பாஸ்கரக் குருக்கள், 1989இல் இந்த நகரத்தில் ஒரு வீட்டு நிலவறையில் காமாட்சியை வைத்துப் பூஜை தொடங்கினார். தேர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் கூட்டம் பெருக, குடியிருப்புத் தெருவில் அது கட்டுப்படவில்லை. ஒலியும் கூட்டமும் யாருக்கும் தொல்லை தராத இடமாக இந்தத் தொழிற்பேட்டை அமைந்தது. தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து கட்டினார்கள். 2002 ஜூலையில் குடமுழுக்கு. அருகிலேயே டாட்டெல்ன்-ஹம் கால்வாய் ஓடுகிறது. சரக்குப் படகுகள் ஓடும் அந்தத் தண்ணீரில்தான் அம்பாளுக்குத் தீர்த்தத் திருவிழா. எங்கள் ஊரில் கார்வேட்டி ராஜாக்கள் வெட்டிய ஸ்கந்த புஷ்கரிணி பெரிதாக விரிந்து கிடக்கிறது. படிக்கட்டில் ஒரு ஆடு மேய்வதைத் தவிர வருடத்தின் பாதி நாள் அங்கே நடமாட்டம் இல்லை.

இந்தக் காமாட்சி எனக்கு அக்கம்பக்கத்துத் தெய்வம். திருத்தணியும் அரக்கோணமும் தாண்டினால் காஞ்சிபுரம். 1960 ஏப்ரல் வரை திருத்தணியே எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணப் புடவை எடுக்கப் போகும்போது போகிற போக்கில் கும்பிட்டுவிட்டு வரும் அம்மன் அவள். இங்கே அவளைக் கும்பிட நார்வேயிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

தேர் நாள் காலை, கிடங்குகளுக்கு நடுவேயிருந்த தார்ச்சாலை முழுக்க மனிதர். ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியோடு ஒரு வடம், பெண்கள் ஒரு வடம். காவடிகள், பால்குடங்கள், கற்பூரச் சட்டிகள். வழியெல்லாம் தேங்காய் உடைத்து உடைத்துச் சாலை வழுக்கியது. எங்கள் பெட்டியில் வந்த தேங்காய்களும் அதில் போயின. ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவர் நெற்றியில் யாரோ இட்டுவிட்ட திருநீற்றைத் துடைக்காமல் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் வேணுகோபால சுவாமிக்குப் பிரம்மோற்சவம் நடப்பதும் கோடையில்தான். திருப்பதி தேவஸ்தானம் கோயிலைப் பார்த்துக்கொள்வதால் எல்லாம் முறையாக, நேரம் தவறாமல் நடக்கும்; நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். ஹம்மில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை நான் காணவில்லை. வந்தவர் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. எனக்கும் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் கிடைத்தது.

அன்னதான வரிசையில் கேட்ட பேச்சில் பாதி பிள்ளைகளைப் பற்றி, மீதி வந்த வழியைப் பற்றி. டென்மார்க்கிலிருந்து பாலம் வழியா, கப்பல் வழியா? லண்டன் ஆட்கள் சுரங்க ரயிலிலா, டோவரிலா? ஒரு பெண் சுரங்க ரயில்தான் என்று சாதித்தார்: முப்பத்தைந்து நிமிடத்தில் அக்கரை, பிள்ளைகள் வாந்தி எடுக்காது, கேரவனையும் ஏற்றலாம். "எரிவாயுவில ஓடுற கார் எண்டா விடமாட்டான்" என்று ஒருவர் இடைமறித்தார். அண்ணர் நோட்டைத் திறந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தமையன் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். எண்பதுகளின் நடுவில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்குக் கடந்து அடைக்கலம் கேட்டவர். "நான் வரேக்க இப்படிக் கிழமை பாத்து விலை பாத்து வர ஏலுமே? ஏஜென்ட் கேட்டதுதான் விலை" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

ஹம்மில் நாங்கள் தங்கிய முகாமில் எங்களுக்கு அடுத்து நின்ற கேரவன், நெதர்லாந்துத் தம்பதியுடையது. கோடையானால் அந்த நாடே கேரவனோடு தெற்கே நகரும் என்பார்கள். அக்கா கொடுத்த பருத்தித்துறை வடையை அந்த முதியவர் பீரோடு தின்றார். திரும்பும் வழியை விசாரித்து, கலே என்றதும் தலையை ஆட்டினார். "சீட்டு விலையைப் பார்க்கிறீர்கள், சாலையைப் பார்க்கவில்லையே" என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். ஹம்மிலிருந்து கலே நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகம் முந்நூறுக்குள். இழுத்துப்போகும் காருக்கு டீசல் தாகம் அதிகம். இரவுக் கப்பலில் கேபின் கட்டாயம்; ஆனால் ஓர் இரவு முகாம் வாடகை மிச்சம், எண்பதில் ஊரும் ஒரு நாளும் மிச்சம். அண்ணர் நோட்டில் இந்தப் பத்தி இல்லை. அன்றிரவு விளக்கை அணைக்க வெகுநேரமானது. திரும்பும் சீட்டைத் தனியாகத்தான் எடுப்பதாக இருந்தார் என்பதால் வழி மாற்றத் தடையில்லை.

ஹூக் ஆஃப் ஹாலந்து

ரைன் நதித் தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்காலின் வாயில் இருக்கிறது இந்தத் துறைமுகம். எதிர்க்கரையில் ரோட்டர்டாமின் எண்ணெய்த் தொட்டிகளும் பாரந்தூக்கிகளும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளக்கோடு நின்றன. கப்பல் இருநூற்று நாற்பது மீட்டர் நீளம். உள்ளே இருட்டுக் குகை போன்ற தளத்தில் எங்கள் கேரவன் இரண்டு லாரிகளுக்கு நடுவே தீப்பெட்டியாக நின்றது.

நெதர்லாந்துப் பாலாடைக் கட்டி வாங்க அக்காவுக்கு ஆசை. 2025 ஏப்ரலிலிருந்து பிரிட்டனும் ஐரோப்பிய இறைச்சியையும் பாலையும் பயணிகள் கொண்டுவரக்கூடாது என்று தடுத்துவிட்டது. ஜெர்மனியில் எருமைகளுக்குக் கோமாரி கண்டதுதான் தொடக்கம். போகும்போது தயிர் போனது, வரும்போது சீஸ் போனது.

1938 டிசம்பரில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குழந்தைகளின் முதல் குழு கடல் கடந்ததும் இதே ஹூக்கிலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச்சுக்குத்தான். துறைமுகத்தில் அவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பெட்டிகளோடு நிற்கும் பிள்ளைகள். கப்பல் ஏறுமுன் அக்கா அதன் முன்னால் நின்றார். அவர் 1983 கலவரத்தை அடுத்து ஆகஸ்டில் கொழும்பிலிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றி அனுப்பப்பட்ட சனத்தில் ஒருவர். "அதுக்கு டிக்கட் இல்லை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேபினில் சாப்பிட என்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அக்கா டப்பாவில் வைத்திருந்தார். அண்ணர் உணவகத்தின் பக்கம் சும்மா பார்த்துவருவதாகச் சொல்லிப் போனார். போனவர் மீன் பொரியலும் சிப்ஸும் ஒரு தட்டு, கூடவே எனக்கும் ஒரு தட்டு வாங்கி மேசையில் உட்கார்ந்துகொண்டு கைகாட்டினார்.

ஹாரிச்

காலையில் சுங்கக்காரர் இறைச்சி, பால் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டார். கொக்கியைச் சரிபார்த்து, சாலையின் இடப்பக்கத்துக்கு மனதை மாற்றிக்கொண்டு, முதல் வண்டி நிறுத்தத்தில் அண்ணர் நோட்டைத் திறந்தார். சீட்டு டோவரைவிட அதிகம்தான். டீசலைக் கழித்தார், முகாமைக் கழித்தார், நெடுஞ்சாலையோரத்து காபிகளைக்கூடக் கழித்தார். ஹூக் வழி மலிவு என்று முடிந்தது. பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "மீன் எங்கயப்பா?"

"அது சாப்பாட்டுக் கணக்கு. இது கப்பல் கணக்கு."

"கப்பலில வேண்டினது கப்பல் கணக்கில்லையோ?"

அண்ணர் என்னைப் பார்த்தார். இரண்டாவது தட்டைத் தின்றவன் என்ற முறையில் நான் ஜன்னலுக்கு வெளியே எஸெக்ஸ் வயல்களைப் பார்க்கத் தொடங்கினேன். அக்கா பேனாவை வாங்கி, இரட்டைக் கோட்டுக்குக் கீழே மீனின் விலையைத் தானே எழுதிக் கூட்டினார். டோவர் எட்டு பவுண்டு மலிவு.